ஐந்து நீர்ப்பல்லிகளின் குணம்

நானா,

இன்று காலை தொட்டித் தண்ணீரில் ஒரு சின்னக் கை மிதந்தது. நான்கு விரல்களும் உள்ளங்கையும் அப்படியே இருந்தன. உள்ளே மட்டும் ஒன்றுமில்லை. தொட்டியில் மிச்சமிருப்பவர்களில் ஒருவன் தோல் கழற்றியிருக்கிறான். வழக்கமாகக் கழற்றியவுடன் தானே தின்றுவிடுவான், எனக்குக் காணக் கிடைக்காது. இன்றைக்கு ஏனோ ஒரு கையை மறந்துவிட்டான். விரல் நுனியால் எடுக்கப் போனேன், தொட்டதும் மடிந்து ஒரு துளி சளியாகிவிட்டது. வேலைக்குப் புறப்பட்டு நின்றவன், சப்பாத்துக் காலோடு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். உடனே உமக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்வதற்கு நீர் இல்லை என்பது அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. நான்கு வருடமாகியும் இந்த மடத்தனம் என்னை விட்டுப் போகவில்லை. சரி, எழுதுகிறேன். கந்தோர் எங்கும் ஓடிப்போகாது.

உம்மை முதன்முதலில் கண்ட அன்றே உம்மோடு சண்டைதான். கண்டி ஸ்டேஷனில் சாமான் பகுதிக் கிளாக்கராக மாற்றலாகி வந்த புதிது. யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த என் சட்டைப்பை மணிக்கூடு தினமும் பத்து நிமிடம் பிந்தியது. கொழும்பு வீதியில் உம்முடைய கடையைக் காட்டினார்கள். நீர் கண்ணில் வில்லையை வைத்து மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் மூடி, சுவரில் ஆணியில் மாட்டிவிட்டீர்.

"மூணு நாள் தொங்கட்டும்" என்றீர். "அதுட கொணம் தெரியாம கை வெக்க ஏலா."

"மணிக்கூட்டுக்கு என்ன குணம்? நீர் திருத்துறவரோ, சாத்திரம் பார்க்கிறவரோ?" என்று கேட்டேன்.

நீர் சிரிக்கக்கூட இல்லை. மூன்று நாள் கழித்துப் போனால், "இதுல பிழை ஒண்டுமில்ல. நீங்க படுக்கக்குள்ள மல்லாத்தி வெக்கிறீங்க, அது இதுக்குப் புடிக்காது. ஆணியில தொங்க விடுங்க" என்று கையில் தந்துவிட்டீர். தொங்கவிட்டேன். நேரம் சரியாக ஓடிற்று. எனக்குக் கோபம் இன்னும் கூடிற்று. அந்தக் கோபத்தோடுதான் மறுநாளும் கடைக்கு வந்தேன், அதற்கு மறுநாளும் வந்தேன். ஊர் முறையில் முஸ்லிம் கடைக்காரர் என்றால் நானா, அதாவது அண்ணன். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். நீர் என்னைவிட ஆறு மாதம் இளையவர் என்று தெரிந்தபோது வாய் பழகிவிட்டிருந்தது.

இரண்டு பேருமே தனி ஆட்கள். உம் மனைவி கல்யாணமாகி மூன்றாம் வருடமே மௌத்தாகிவிட்டார், பிள்ளை இல்லை. எனக்கு வந்த சாதகங்கள் ஒன்றும் பொருந்தவில்லை, பொருந்தியதை நான் பொருந்தவிடவில்லை. ஆனால் உமக்குத் தனிமை தெரியாது. கடைக்கு வருகிறவன், தெருவில் போகிறவன், எதிர்க்கடைக்காரன், மாட்டுவண்டிக்காரன் என்று காலையிலிருந்து வாய் மூடாது. நான் வாயைத் திறக்கவே யோசிக்கிறவன். ஆறு மணிக்குக் கடைக்குள் வந்து அந்தக் கால் ஆடுகிற கதிரையில் உட்கார்ந்தால், பேச்சு முழுவதும் உம்முடையது, 'ம்' மட்டும் என்னுடையது.

பிறகுதான் அந்த ஐந்து பேரும் வந்தார்கள்.

கொழும்புத் துறைமுகத்தில் வேலை செய்த உம் ஒன்றுவிட்ட தம்பி ஒரு ஊறுகாய்ப் போத்தலைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தான். ஜப்பான் கப்பலில் சமையல்காரன் கொடுத்ததாம். உள்ளே பல்லி மாதிரி ஐந்து ஜீவன்கள். முதுகு கரி, வயிறு குங்குமம், அதில் கறுப்புப் புள்ளிகள். வால் தட்டையாக மீன் வால் போல இருந்தது. தண்ணீருக்குள்ளேயே நடந்தன. மூச்சுக்கு மட்டும் மேலே வந்து ஒரு வாய் காற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கின.

"சீ, பல்லி!" என்று நான் கதிரையோடு பின்னுக்குப் போனேன்.

"பல்லி இல்ல கிளாக்கர். செதில் இரிக்கா பாருங்க. இது தவளட சொந்தக்காரன்."

இந்தப் பதிலை நீர் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பீர்! பக்கத்துப் புடவைக் கடைக்காரர், பல்லியை அடித்தால் நன்மை என்று மார்க்கத்தில் இருக்க, நீ வளர்க்கிறாயே என்று கேட்டார். நான் தங்கியிருந்த சைவ விடுதியின் சொந்தக்காரர் பார்க்க வந்து, இது எந்தத் திசையிலிருந்து சொன்னால் என்ன பலன் என்று கேட்டார். இரண்டு பேருக்கும் ஒரே பதில். அவர்கள் போனபின், "தவளட சொந்தமெண்டதும் ரெண்டு பேருக்கும் வேல இல்லாம போய்த்திச்சி" என்று விழுந்து விழுந்து சிரித்தீர்.

பழைய ஷோகேஸ் கண்ணாடிகளை மக்கு வைத்து ஒட்டி ஒரு தொட்டி செய்தீர். பங்குனி வெயிலில் அதைச் சுற்றி ஈரச்சாக்கு. மணிக்கூட்டுச் சில்லுத் தூக்குகிற சாமணத்தால் மண்புழுத் துண்டுகளை ஒவ்வொருவருக்கும் நீட்டுவீர். அதே சாமணத்தைத் துடைத்துவிட்டு நீதவான் மணிக்கூட்டைத் திறப்பீர். அந்த நீதவானுக்கு இது தெரிந்திருந்தால் உமக்கு ஆறு மாதம் கிடைத்திருக்கும்.

எனக்கு முதலில் ஐந்தும் ஒன்றாகத்தான் தெரிந்தன. பெயர் வைக்கச் சொன்னேன். "மூணு நாள் பாப்பம்" என்றீர், எதிர்பார்த்த மாதிரியே. மூன்று நாள் முப்பது நாளாயிற்று. ஆனால் பெயர் விழுந்தபோது ஒன்றுகூடப் பிழையில்லை. பெரியவன் மற்றவர்கள் தின்று முடிக்கும்வரை அசையாமல் இருந்து, கடைசியில் மரியாதையாக ஒரு துண்டு எடுப்பான். அவன் ஹாஜியார். அடுத்தவன் வாயில் இருப்பதைப் பிடுங்கித் தின்கிறவனுக்குக் கோர்ட்டு வக்கீல்மாரின் பட்டமான புரொக்டர் என்று வைத்தீர். கண்ணாடியில் ஒட்டி ஏறித் தப்புகிறவன் கப்பல்காரன். அவனை ஒருதரம் தேடித் தேடி, திருத்த வந்த சுவர் மணிக்கூட்டின் பெட்டிக்குள்ளிருந்து எடுத்தோம், பெண்டுலத்துக்குக் கீழே சுகமாகப் படுத்திருந்தான். யார் கடைக்குள் வந்தாலும் கண்ணாடிக்கு ஓடிவந்து அண்ணாந்து பார்க்கிறவன் மாப்பிள்ளை. எல்லோரும் தனக்குத்தான் விருந்து கொண்டுவருகிறார்கள் என்று அவனுக்கு எண்ணம்.

ஐந்தாவது, உடைந்த ஓட்டுத் துண்டுக்குக் கீழே போய் ஒளிந்தது. பலமாகச் சத்தம் கேட்டால் ஓட்டுக்குக் கீழே. புதுத் தண்ணீர் ஊற்றினால் ஓட்டுக்குக் கீழே. அதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். நீர் வில்லையைக் கண்ணில் வைத்துக்கொண்டு குனிந்துவிட்டீர். கடைக்கு வந்த யாரோ ஒருவன்தான் சிரித்துக்கொண்டு சொன்னான், "அது கிளாக்கர் தானே!" என்று.

இரண்டு நாள் நான் கடைப்பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தேன். "பாத்தீங்களா, அதுவும் இப்பிடித்தான், தானா வந்துடும்" என்றீர். வெட்கத்தில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த வருடக் கடைசியில் நடந்ததை நான் எத்தனை தரம் நினைத்துப் பார்த்திருப்பேன் தெரியுமா? என் பெயர்க்காரன் ஓட்டுக்குக் கீழே போய் ஒன்பது நாள் வரவில்லை. ஒன்றும் தின்னவில்லை. நான் பதறினேன். ஓட்டைத் தூக்கிப் பாரும் என்றேன். "விடுங்க" என்றீர், அவ்வளவுதான். பத்தாம் நாள் வெளியே வந்து இரண்டு புழு தின்றான். பிறகு ஒருநாள் மாப்பிள்ளை கண்ணாடிக்கு வரவில்லை. ஒரே ஒரு நாள்தான். காலையில் ஒரு மூலையில் ஒதுங்கியிருந்தான், மாலையிலும் அங்கேயே. நீர் உடனே கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு அவனை ஈரத்துணியில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தீர். கழற்றின தோல் முழுதாகக் கழலாமல் பின்னங்காலில் நூல் மாதிரிச் சுற்றி இறுக்கியிருந்தது. கால் வீங்கியிருந்தது. சாமணத்தால் அரைமணி நேரம் எடுத்து அதை உரித்தீர்.

"அவனை ஒன்பது நாள் விட்டீர், இவனை ஒரு நாள் விடமாட்டீரோ?" என்று கேட்டேன்.

"கிளாக்கர் ஒளியிறது அவர்ட கொணம். மாப்பிள்ள ஒளிஞ்சா அது வருத்தம், மேலுக்குச் சொகமில்ல" என்றீர்.

கேட்டேன், நானா. இந்தக் காதால் கேட்டேன்.

என் அம்மா செத்த செய்தி தந்தியில் வந்து, நான் ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. திரும்பி வந்து அறைக் கதவைச் சாத்தினேன். நீர் கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு, ஒரு மேசை மணிக்கூட்டையும் திருத்துகிற ஆயுதங்களையும் சீலையில் முடிந்துகொண்டு வந்தீர். என் கதிரையில் உட்கார்ந்து அதைக் கழற்றத் தொடங்கினீர். வாயாடியான நீர் ஒரு சொல் பேசவில்லை.

"போம் நானா, என்னைத் தனிய விடும்" என்றேன்.

"நான் ஒங்கள ஒண்டும் செய்யல்லயே. இங்க வெளிச்சம் நல்லம், அதான் வந்த."

என் அறையில் ஒரே ஒரு யன்னல். அது பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்க்கிறது. நான்கு மாலை அந்த நல்ல வெளிச்சத்தில் இருந்து வேலை செய்தீர். ஐந்தாம் நாள் நானே எழுந்து கடைக்கு வந்தேன்.

அடுத்தது மலேரியா வருடம். மழை பொய்த்து மகாவலி ஆற்றில் பாறைகள் வெளியே தெரிந்தன. கண்டி நகருக்குள் அவ்வளவு இல்லை. கலகெதரப் பக்கம் வீட்டுக்கு வீடு காய்ச்சல். அங்கே கட்டிக்கொடுத்த உம் தங்கச்சியும் பிள்ளைகளும் ஒருசேர விழுந்துவிட்டார்கள், தண்ணீர் கொதிக்கவைக்கக்கூட ஆளில்லை. நீர் தொட்டியை ரிக்‌ஷாவில் ஏற்றி என் விடுதிக்குக் கொண்டுவந்தீர்.

"கொஞ்ச நாளைக்குப் பாத்துக்கோங்க. அவங்க எழும்பினதும் வந்துடுவேன்."

எனக்கு அன்று கந்தோரில் மேலதிகாரியிடம் ஏச்சு. சைவ விடுதிக்குள் மண்புழு வெட்டுவதை நினைத்து வேறு எரிச்சல். "நான் என்ன உம்முடைய பல்லி மேய்ப்பனோ?" என்றேன். நல்ல சத்தமாகத்தான் சொன்னேன். உம் முகம் சுருங்கியது. "பல்லி இல்ல" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, ஈரச்சாக்கைச் சரிசெய்துவிட்டுப் போனீர். படியால் இறங்குகிற உம்முடைய முதுகுதான் நான் கடைசியாகப் பார்த்தது.

ஒரு வாரத்தில் ஒரு தபாலட்டை வந்தது. இடமில்லாமல் ஓரத்திலும் எழுதியிருந்தீர். ஹாஜியார் தின்றாரா, புரொக்டரைத் தனியாக வைத்துத் தீன் கொடுங்க, கப்பல்காரனுக்கு மூடி இறுக்கமா என்று கேள்விமேல் கேள்வி. நான் பதில் போட்டேன். இரண்டாவது அட்டையில் ஒரே ஒரு வரி. 'சுகம். நீங்க எப்படி.' எழுத்துக் கோணல். கோபத்தில் கிறுக்கியிருக்கிறார் என்று நினைத்தேன். அதன்பின் ஒன்றும் வரவில்லை.

மூன்று வாரம், நானா. கண்டியிலிருந்து கலகெதர எவ்வளவு தூரம்? மத்தியானம் பஸ் ஏறினால் பொழுதுபடத் திரும்பலாம். ஞாயிற்றுக்கிழமை மூன்று வந்து போயின. நான் போகவில்லை. பல்லி மேய்ப்பன் என்ற பேச்சு அவரைக் குத்திவிட்டது, கோபம் ஆறட்டும், இப்போது போய் நின்றால் இன்னும் வெறுக்கும், விட்டால் தானாக வருவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கு யாராவது அப்படி ஏசியிருந்தால் நான் அதைத்தான் விரும்பியிருப்பேன். ஓட்டுக்குக் கீழே ஒன்பது நாள்.

இடையில் எனக்கு ஒரு வெற்றி வேறு. சுகாதார இன்ஸ்பெக்டர் மலேரியா பரப்புகிற நுளம்பு பெருகும் என்று வீடு வீடாகத் தேங்கின தண்ணீரைக் கொட்டச் சொல்லிக்கொண்டு வந்தார். விடுதிக்காரர் நேரே என் அறைக்குக் கூட்டிவந்தார், அவருக்கு அதில் ஒரு சந்தோஷம். வாய் திறக்கவே யோசிக்கிற நான் தொட்டிக்கு முன்னால் போய் நின்றேன். பின் வளவுப் பீப்பாவிலிருந்து நுளம்புப் புழுக்களை ஒரு கோப்பையில் அள்ளிவந்து ஊற்றி, "பாருங்கோ ஐயா" என்றேன். மாப்பிள்ளையும் புரொக்டரும் போட்டி போட்டுத் தின்றார்கள். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தார். "இதை விடுங்கோ, மற்றதைக் கொட்டுங்கோ" என்று விடுதிக்காரரின் பீப்பாவைக் கொட்டவைத்துவிட்டுப் போனார். இதை உமக்கு எப்படிச் சொல்வது, எந்த இடத்தில் நீர் தொடையில் தட்டிச் சிரிப்பீர் என்று எல்லாம் ஒழுங்குபண்ணி வைத்திருந்தேன். வரட்டும், வந்ததும் சொல்வோம் என்று இருந்தேன்.

உம் மச்சினன்தான் வந்தார். காய்ச்சலில் கறுத்துப்போன முகம். படியிலேயே நின்றுகொண்டு, "மச்சான் மௌத்தாகிட்டார். இண்டைக்கிப் பத்து நாள். எல்லாரும் படுக்கையில, செல்லி அனுப்ப ஆளில்ல" என்றார். நான் இன்ஸ்பெக்டருக்கு வித்தை காட்டிய அன்று நீர் மண்ணுக்குள் போய் இரண்டு நாள். கணக்குப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அவரோடேயே பஸ் ஏறினேன். உம் தங்கச்சி வீட்டு முன்னறையில் என்னை இருத்தினார்கள். தங்கச்சி திரைக்குப் பின்னால் நின்று பேசினார். உம்மை நானா என்று கூப்பிட உண்மையான உரிமை உள்ளவர். அவர் அழவில்லை, நான்தான் அழுதேன்.

"எங்க எல்லாத்தயும் எழுப்பி விட்டுட்டு அவர் படுத்திட்டார். ரெண்டாவது காயிதம் எழுதக்குள்ளயே கை நடுக்கம், பேனையப் புடிக்க ஏலா" என்றார். "பஸ் சத்தம் கேட்டா எழும்பிக் குந்துவார். 'கிளாக்கரா எண்டு பாரு' எண்டு புள்ளய ரோட்டுக்கு அனுப்புவார். நான் கேட்டேன், நானா, அவர வரச்செல்லி எழுதவா எண்டு. வாணாம் எண்டுட்டார். 'கிளாக்கரக் கூப்புட்டா இன்னும் உள்ளுக்குப் போவார். விட்டா தானா வருவார்' எண்டு செல்லிக்கிட்டே இரிந்தார்."

ஒரு கோப்பை தேத்தண்ணீர் வந்தது. குடித்தேன். கபுறைக் காட்டினார்கள். மண் இன்னும் இறுகாமல்தான் இருந்தது.

யாருடைய குணத்தையும் நீர் பிழையாகக் கணித்ததில்லை. என் விஷயத்தில் மட்டும்தான் பிழைவிட்டீர். நான் உம் விஷயத்தில் பிழைவிட்டேன். மாப்பிள்ளையைப் போல யார் வந்தாலும் கண்ணாடிக்கு ஓடிவருகிற ஒரு மனிதன் ஒரே ஒரு வரி எழுதினால், அடுத்த பஸ்ஸில் ஏறியிருக்க வேண்டாமா? நான் என் குணத்தை உமக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

இப்போது தொட்டியில் மூன்று பேர். கப்பல்காரன் ஒரு மழைநாளில் தப்பிப் போனவன் போனவன்தான். புரொக்டர் போன வருடம் செத்தான். புழு வெட்ட எனக்கு உம் அளவுக்குக் கை வரவில்லை, ஆனாலும் தின்கிறார்கள். உம் கடையில் இப்போது ஒருவன் குடை விற்கிறான். நான் அந்தப் பக்கத்து நடைபாதையால் போவதில்லை, எதிர்ப்பக்கத்தால் போகிறேன்.

ஸ்டேஷனில் சத்தம் போட்டுச் சிரிக்கிற ஆள் யாராவது ஒருநாள் சிரிக்காவிட்டால், பின்னேரம் அவன் வீட்டு வாசலில் போய் நிற்கிறேன். போய் நிற்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உமக்குத் தெரியும். "என்ன ஐயா, ஏதும் பார்சலோ?" என்று கேட்கிறார்கள். சும்மா வந்தேன் என்கிறேன். நம்புவதில்லை. இருக்கச் சொல்லி ஒரு கதிரையைத் தள்ளிவிட்டு, நான் எப்போது போவேன் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அநேகமாக அவர்களுக்கு ஒன்றுமிருப்பதில்லை, பல்வலி, இல்லாவிட்டால் பெண்சாதியோடு சண்டை. இருந்தாலும் போகிறேன்.

போன வாரம் எனக்குக் காய்ச்சல். பெரிதாக ஒன்றுமில்லை, மூக்கடைத்த தடிமன் காய்ச்சல்தான், ஆனால் நான்கு நாள் எழும்பவில்லை. விடுதிக்காரர் கஞ்சியைக் கதவடியில் வைத்து, மெல்லத் தட்டிவிட்டுப் போய்விடுவார். ஸ்டேஷனிலிருந்து யாரோ வந்து விசாரிக்கிற சத்தமும் கீழேயிருந்து கேட்டது. "அவருக்கு ஆக்கள் வந்து கதைக்கிறது பிடிக்காது, விடுங்கோ, எழும்பினால் தானாக வருவார்" என்று விடுதிக்காரர் அவனைத் திருப்பி அனுப்பினார். குற்றம் சொல்ல முடியாது. இருபது வருடமாக நானே பழக்கிவைத்தது. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

படுத்தது வாஸ்தவம், நானா. ஆனால் அந்த நான்கு நாளும் படியில் காலடிச் சத்தம் கேட்ட போதெல்லாம் எழும்பிக் குந்தினேன்.